எழுதப்பட்டது என்னும் விடை: ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகளில் மின்கலக் காப்பு

ஆய்வுச் சுருக்கம்

வழங்கிக் கணினிகளில் பல வட்டுகளை ஒன்றிணைத்து ஆளும் ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகள், தரவு வட்டில் பதிவதற்கு முன்பே அது பதிந்துவிட்டதாக இயங்குதளத்துக்கு விடையளிக்கின்றன. அந்த விடைக்கும் உண்மையான பதிவுக்கும் இடைப்பட்ட சில நொடிகளைக் காப்பதே அட்டையோடு இணைந்த சிறு மின்கலத்தின் பணி. அம்மின்கலம் தேவைப்பட்ட காரணம், அது இயங்கும் முறை, அது முதுமையடையும்போது வழங்கியின் நடத்தையில் தோன்றும் மாற்றங்கள், பிற்காலத்தில் அதன் இடத்தை மீமின்தேக்கிகள் பெற்றமை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மின்கலம் காப்பது அட்டை அளித்த ஓர் உறுதிமொழியை மட்டுமே என்பதும், அதற்கு அப்பாற்பட்டவற்றை அதனிடம் எதிர்பார்ப்பது இழப்பில் முடியும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: ரெய்டு, கட்டுப்பாட்டு அட்டை, இடைநினைவகம், மின்கலக் காப்பு, பின்னெழுது முறை, கற்றல் சுழற்சி, மீமின்தேக்கி

முன்னுரை

கல்வெட்டுப் படிகள், சுவடிப் படிமங்கள், சொல்லடைவுகள், மாணவர் பதிவேடுகள் எனக் கல்வித்துறைகள் தொகுக்கும் தரவு இன்று பெரும்பாலும் ஏதேனும் ஒரு வழங்கிக் கணினியில் உறைகிறது. அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர், பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றும் 'சேமிக்கப்பட்டது' என்னும் சொல்லை ஐயுறுவதில்லை. அச்சொல் பல கைகள் மாறித் திரைக்கு வருகிறது. திரையில் காட்டும் நிரல் தரவுத்தளத்தை நம்புகிறது. தரவுத்தளம் இயங்குதளத்தை நம்புகிறது. இயங்குதளம் கட்டுப்பாட்டு அட்டையை நம்புகிறது. அட்டை எதை நம்பி அவ்விடையைத் தருகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நிறுவப்பட்ட வழங்கிகள் பலவற்றில், அவ்வினாவுக்கான விடை உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்கலம்.

அறையின் மூலையில் நிற்கும் யூபிஎஸ் கருவியின் பெரிய மின்கலங்கள் வேறு, இது வேறு. வழங்கியின் பெட்டிக்குள், அட்டையின் மீதோ அட்டையிலிருந்து ஒரு கம்பியால் இணைந்தோ இருக்கும் இம்மின்கலத்தால் கணினியை ஒரு நொடிகூட இயக்க முடியாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் பொறுப்பாளர்களிடையேயும் காணப்படுவதால் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சுட்ட வேண்டியுள்ளது.

வட்டின் தாமதம்

ரெய்டு என்னும் கருத்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது. டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் 1988-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை, விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்கு மாற்றாக விலைகுறைந்த பல சிறிய வட்டுகளை அணியாகச் சேர்த்தால் வேகத்தையும் நம்பகத்தன்மையையும் பெறலாம் என்று காட்டியது. ஒரு வட்டு பழுதுற்றாலும் மற்றவற்றைக் கொண்டு தரவை மீட்கலாம் என்பது அதன் உயிர்நாடி.

ஆயினும் வட்டு என்பது சுழலும் பொருள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு குறிப்பிட்ட இடம் எழுதுமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி ஆகும். முனை உரிய தடத்துக்கு நகரும் நேரம் இதனோடு சேரும். தரவுத்தளம் தன் பரிவர்த்தனைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டே அடுத்த வரிக்குச் செல்வதாயின், ஒரு சுற்றுக்கு ஒரு வரி என்னும் கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 120 பரிவர்த்தனைகளே உச்சவரம்பு. நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் விலைமிக்க வட்டிலும் இவ்வரம்பு 250-ஐத் தாண்டாது. செயலியின் வேகத்தைப் பன்மடங்கு கூட்டினாலும் இவ்வெண் மாறாது.

ரெய்டு 5 எனப்படும் அமைப்பில் நிலைமை இன்னும் கடினமாகிறது. அங்குத் தரவோடு 'பேரிட்டி' எனப்படும் சரிநிகர்த் துணுக்கும் எழுதப்படுகிறது. சிறு அளவு தரவை மாற்ற வேண்டுமெனில், பழைய தரவைப் படித்து, பழைய சரிநிகரைப் படித்து, புதிய தரவை எழுதி, புதிய சரிநிகரை எழுத வேண்டும். ஓர் எழுத்துக்கு நான்கு வட்டுச் செயல்கள். இரண்டு சரிநிகர்களைக் கொண்ட ரெய்டு 6 அமைப்பில் இது ஆறாகிறது.

இத்தாமதத்தை மறைக்கவே கட்டுப்பாட்டு அட்டையில் 'கேஷ்' எனப்படும் இடைநினைவகம் வைக்கப்பட்டது. 2000-களின் நடுப்பகுதியில் 256 மெகாபைட் அளவில் பரவலாயிருந்த இது, பின்னர் 512 மெகாபைட், ஒரு கிகாபைட் என வளர்ந்தது. இயங்குதளம் அனுப்பும் தரவை அட்டை இந்நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதப்பட்டது' என உடனே விடையளிக்கிறது. பின்னர் வாய்ப்பான வேளையில், அருகருகே செல்ல வேண்டியவற்றை ஒன்றுதிரட்டி வட்டுகளுக்கு அனுப்புகிறது. இதுவே 'ரைட் பேக்' எனப்படும் பின்னெழுது முறை. வட்டில் பதிந்த பிறகே விடையளிப்பது 'ரைட் த்ரூ' எனப்படும் நேரெழுது முறை. பின்னெழுது முறையில், நொடிக்கு 120 என நின்ற பரிவர்த்தனை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்கிறது. ரெய்டு 5-இன் நான்கு செயல்களும் பெருமளவு கண்ணுக்குப் படாமல் மறைகின்றன.

கண்டிப்பாகப் பார்த்தால் அவ்விடை உண்மையன்று. தரவு இன்னும் வட்டுக்குச் செல்லவில்லை. பரவலாகப் பயன்பட்ட ஓர் அட்டை வகையில், இடைநினைவகத்தை வட்டில் கொட்டுவதற்கான இடைவெளி 4 நொடி என்று இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும். அந்த நொடிகளில் மின்சாரம் நின்றால் பொய்யாகிவிடக்கூடிய விடையை மெய்யாக்கும் பொறுப்பு மின்கலத்தின் மேல் விழுகிறது.

இச்சிக்கல் ரெய்டு அட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. பிணையம் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வோர் எழுத்தும் நிலையான ஊடகத்தில் பதிந்த பிறகே விடையளிக்க வேண்டும் என விதித்தது. அதனால் நேர்ந்த தாமதத்தைக் குறைக்க மின்கலம் பொருத்திய நினைவக அட்டைகள் 1980-களின் இறுதியிலேயே விற்பனைக்கு வந்தன. நெட்ஆப் நிறுவனத்தினர் 1994-இல் விளக்கிய கோப்பு வழங்கியும், வந்த வேண்டுகோள்களை மின்கலம் காக்கும் நினைவகத்தில் குறித்துவைத்த பின்னரே விடையளித்தது.

மின்கலம் செய்யும் வேலை

இடைநினைவகம் டிராம் வகையைச் சேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு 1960-களில் உருவாக்கிய இவ்வகையில், ஒவ்வொரு துணுக்கும் ஒரு நுண் மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் பானையில் நீர் வைத்திருப்பதைப் போன்றது இது. ஆகவே இயல்பான வெப்பநிலையில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிசையும் படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட வேண்டும். இப்புதுப்பித்தல் நின்றால் உள்ளடக்கம் சிதையத் தொடங்கும்.

மின்சாரம் நிற்கும் கணத்தில் அட்டை தன் நினைவகத்தைத் தற்புதுப்பிப்பு நிலைக்கு மாற்றுகிறது. செயலி, வட்டு, விசிறி யாவும் அடங்கிவிட, நினைவகச் சில்லுகள் மட்டும் மின்கலத்திலிருந்து சிறிதளவு மின்சாரம் பெற்றுத் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. இதற்கு வேண்டிய ஆற்றல் மிகக் குறைவு. 3.7 வோல்ட், 7 வாட்-மணி அளவுள்ள ஒரு லித்தியம் அயனி மின்கலம் 72 மணி நேரம் தாங்க வேண்டுமெனில், நினைவகம் சராசரியாக 0.1 வாட் அளவுக்கு மேல் உண்ணக்கூடாது என்று கணக்கிடலாம். தயாரிப்பாளர்கள் அட்டையின் வகையையும் நினைவக அளவையும் பொறுத்து 24, 48, 72 மணி நேரக் காப்பு எனக் குறிப்பிட்டனர்.

மின்சாரம் மீண்டு வழங்கி எழும்போது, இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே அட்டை தன் இடைநினைவகத்தைப் பார்க்கிறது. வட்டுக்குச் செல்லாத தரவு எஞ்சியிருப்பின் அதை உரிய இடங்களில் எழுதி முடிக்கிறது. சில வகைகளில் நினைவகமும் மின்கலமும் ஒரே கழற்றத்தக்க கூறாக அமைந்திருந்தன. அட்டையே பழுதுற்றால், மின்கலம் ஓயும் முன் அக்கூற்றைக் கழற்றி அதே வகையைச் சேர்ந்த வேறோர் அட்டையில் பொருத்தி, அதே வட்டுகளை இணைத்து, தேங்கி நின்ற தரவை எழுதச் செய்யலாம். நெருக்கடியான நேரத்தில் இவ்வாய்ப்பை நினைவில் கொண்ட பொறுப்பாளர் மிகச் சிலரே இருந்திருக்கக்கூடும்.

72 மணி நேரம் என்னும் எல்லை நடைமுறையில் பொருள் பொதிந்தது. வெள்ளி மாலை மின்பழுது ஏற்பட்டுச் செவ்வாய்க் காலைதான் வழங்கி எழுப்பப்படுமாயின் எல்லை கடந்துவிடுகிறது. அப்போது அட்டை தொடக்கத் திரையில் ஒரு செய்தியைக் காட்டும்: நினைவகத்திலோ மின்கலத்திலோ சிக்கல் கண்டறியப்பட்டது, அட்டை மீண்டுவிட்டது, இடைநினைவகத் தரவு இழக்கப்பட்டது, தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்துக என்பது அதன் சாரம். எந்தக் கோப்பு, எந்தப் பரிவர்த்தனை, எத்தனை பதிவுகள் என்று அச்செய்தி சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. விசையை அழுத்தியதும் வழங்கி வழக்கம்போல் எழுகிறது. இழப்பு நேர்ந்ததற்கான வெளிப்படையான ஒரே சான்று அத்திரையோடு மறைந்துவிடுகிறது.

எழுத்துத் துளை

மின்கலத்தின் இன்னொரு பயன் குறைவாகவே பேசப்படுகிறது. ரெய்டு 5 அமைப்பில் தரவும் சரிநிகரும் வெவ்வேறு வட்டுகளில் எழுதப்படுகின்றன. ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படாத கணத்தில் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். 'எழுத்துத் துளை' எனப்படும் இம்முரண்பாடு உடனே வெளிப்படாது. பல திங்கள் கழித்து ஒரு வட்டு பழுதுற்று, சரிநிகரைக் கொண்டு அதன் உள்ளடக்கத்தை மீட்கும்போது, பிழையான சரிநிகர் பிழையான தரவைப் பிறப்பிக்கும். சிதைவது மின்தடையின்போது எழுதப்பட்ட பகுதியாகக்கூட இராது. அதே வரிசையில் அமைதியாக உறங்கிய வேறொரு கோப்பின் பகுதியாக இருக்கலாம். மின்கலம் காத்த இடைநினைவகத்தில் முற்றுப்பெறாத எழுத்து முழுமையாக எஞ்சியிருப்பதால், அட்டை அதை மீண்டும் செய்து இரண்டையும் ஒன்றுபடுத்திவிடுகிறது.

மின்கலமற்ற வழிகளும் உள்ளன. 2005-இல் வெளிவந்த இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு, பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிய பின்னரே சுட்டியை மாற்றுவதால் அங்கு இத்துளை எழுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் ரெய்டு, தனிக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளும் வசதியைப் பின்னர் பெற்றது.

மின்கலத்தின் முதுமையும் கற்றல் சுழற்சியும்

மின்கலம் என்பது வேதிப்பொருள். தொடக்ககால அட்டைகள் சிலவற்றில் நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையும், பின்னர் பெரும்பாலும் லித்தியம் அயனி வகையும் இடம்பெற்றன. இரண்டும் வெப்பத்தில் விரைந்து தளர்பவை. வழங்கியின் உட்புறம், அட்டைகள் நெருங்கி நிற்கும் இடம், மின்கலத்துக்கு உகந்த இடமன்று. எப்போதும் முழு மின்னூட்டத்தில் வைத்திருப்பதும் லித்தியம் அயனிக் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தேவைப்படும் இக்கலம், தேவைப்படாத நாள்களிலேயே மூப்படைந்துவிடுகிறது. ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது என்பது இத்துறையின் பொது வழக்கம். மாற்றப்படாத கலங்கள் சில உப்பிப்போய் அட்டையை அழுத்தியதும் உண்டு.

கலத்தில் எவ்வளவு ஆற்றல் எஞ்சியுள்ளது என்பதை அட்டை எவ்வாறு அறிகிறது? உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் எண்ணும் அளவி ஒன்று மின்கலத் தொகுதியில் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் சிறுசிறு பிழைகள் சேர, அதன் கணக்கு மெய்ந்நிலையிலிருந்து விலகுகிறது. கலத்தின் மொத்தக் கொள்ளளவும் குறைந்துகொண்டே வருவதால், 'முழுமை' என்பதன் பொருளே மாறிவிடுகிறது. இதைச் சரிசெய்யக் கலத்தை முழுவதும் நிரப்பி, பின்னர் வெறுமையாக்கி, மீண்டும் நிரப்பி, அதன் இன்றைய கொள்ளளவை அளக்க வேண்டும். இதற்குக் 'கற்றல் சுழற்சி' என்று பெயர். அட்டையின் வகைக்கேற்ப 30 நாளுக்கொரு முறையோ 90 நாளுக்கொரு முறையோ இது தானாக நிகழுமாறு அமைக்கப்பட்டிருந்தது.

சிக்கல் இங்குத் தொடங்குகிறது. வெறுமையாக்கப்பட்ட கலம் எதையும் காக்க இயலாது. ஆகவே சுழற்சி நடைபெறும் சில மணி நேரமும் அட்டை பின்னெழுது முறையைக் கைவிட்டு நேரெழுது முறைக்கு மாறுகிறது. அது நேர்மையான முடிவு; காக்க முடியாதபோது பொய்யுரைப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் நின்ற பரிவர்த்தனை எண்ணிக்கை மீண்டும் நூற்றுக்கணக்கில் விழுகிறது. முந்தைய சுழற்சி முடிந்த நேரத்திலிருந்து அடுத்த நாள்கள் எண்ணப்படுவதால், சுழற்சி ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிப்போய், ஒரு நாள் நள்ளிரவிலும் மற்றொரு நாள் நண்பகலிலும் நிகழும். மாதத்துக்கு ஒருமுறை, காரணம் புலப்படாமல் வழங்கி தள்ளாடுவதும், யாரும் எதுவும் செய்யாமலேயே மாலையில் சரியாகிவிடுவதும் இதன் விளைவு. நிரலாளர் தம் நிரலையும், பிணையப் பொறுப்பாளர் தம் பிணையத்தையும் ஐயுற்று நாள்களைச் செலவிட்டிருக்க, காரணமோ அட்டையின் நிகழ்வுக் குறிப்பேட்டில் ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கும். இதனை உணர்ந்தோர் தானியங்கிச் சுழற்சியை நிறுத்திவிட்டு, வார இறுதியின் பின்னிரவில் தாமே தொடங்கிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். அவ்வாறு நிறுத்தியவர் தொடங்கிவைக்க மறந்தால், அளவியின் கணக்கு நம்பத்தகாததாகிவிடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பின்வந்த மின்கலத் தொகுதிகளில், குறிப்பிட்ட அளவு ஆற்றலைக் கைவசம் வைத்துக்கொண்டே கற்றலை நடத்தும் முறை புகுந்ததால் இத்தொல்லை குறைந்தது.

கலம் முற்றிலும் தளர்ந்துவிட்டால் நேரெழுது முறை நிலையாகிவிடுகிறது. பயனர் காண்பது ஒன்றே: வழங்கி மெதுவாகிவிட்டது. இந்நிலையில் பொறுப்பாளர் முன் ஓர் எளிய வழி தென்படுகிறது. அட்டையின் அமைப்பில், மின்கலம் பழுதாயினும் பின்னெழுது முறையைத் தொடரச் செய்யும் தெரிவு ஒன்று உண்டு. ஒரே கட்டளையில் வேகம் மீண்டுவிடும், புகார்கள் ஓய்ந்துவிடும். புதிய கலம் வரும்வரை இரண்டு நாளைக்கு என்று செய்யப்படும் இவ்வேற்பாடு இரண்டு ஆண்டு நீடிப்பதற்குத் தடையேதும் இல்லை. ஏனெனில் வழங்கி இப்போது விரைவாக இயங்குகிறது, அதனைப் பற்றி நினைக்க யாருக்கும் காரணமில்லை. மின்கலத்தின் பழுதைவிட இத்தெரிவே ஆபத்தானது. பழுதுற்ற மின்கலம் வேகத்தை மட்டும் பறித்தது. இத்தெரிவு, அட்டை தரும் விடையின் பொருளையே பறித்துவிடுகிறது.

சியாட்டில் நிகழ்வு

விடையின் பொருள் எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதற்கு 2005-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த நிகழ்வு சான்றாகும். லைவ்ஜர்னல் என்னும் வலைப்பதிவுத் தளத்தின் வழங்கிகள் அங்குள்ள தரவு மையமொன்றில் இருந்தன. அம்மையத்தில் அவசரகால மின்துண்டிப்புப் பொத்தான் அழுத்தப்பட்டதால் வழங்கிகள் யாவும் ஒரே கணத்தில் அணைந்தன. இத்தகைய மையங்களில் யூபிஎஸ், டீசல் மின்னாக்கி எல்லாம் உண்டு. ஆனால் அப்பொத்தானின் பணியே அவை அனைத்தையும் தாண்டி மின்சாரத்தைத் துண்டிப்பது. மின்சாரம் மீண்ட பின்னும் தரவுத்தளங்களைச் சரிபார்த்துத் தளத்தை எழுப்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று.

அதே ஆண்டில் அத்தளத்தை நிறுவிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக், வட்டுகளும் அட்டைகளும் தரும் விடை மெய்யா என்பதைச் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை வெளியிட்டார். சோதிக்கப்படும் கணினி, வட்டில் எழுதி 'பதிந்தது' என்னும் விடையைப் பெற்றவுடன், அதனைப் பிணையம் வழியே மற்றொரு கணினிக்கு அறிவித்துக்கொண்டே செல்லும். நடுவில் மனிதர் ஒருவர் சோதனைக் கணினியின் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். மீண்டும் எழுப்பிய பின், 'பதிந்தது' என்று அறிவிக்கப்பட்டவை உண்மையில் வட்டில் உள்ளனவா என்று மற்றக் கணினியின் குறிப்போடு ஒப்பிடப்படும். கையால் கம்பியைப் பிடுங்கும் இச்சோதனையை போஸ்ட்கிரஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ஆவணமும் சுட்டுகிறது. மின்கலம் நலமாக உள்ளது என அட்டை தெரிவிப்பதும், மின்கலம் உண்மையில் காப்பதும் இரு வேறு செய்திகள். இரண்டாவதை அறிய இச்சோதனையைத் தவிர எளிய வழியில்லை.

இத்தகைய சோதனை வெளிக்கொணரக்கூடிய ஒரு குறை, வட்டுகளின் சொந்த இடைநினைவகம். ஒவ்வொரு வட்டிலும் சிறிய நினைவகம் ஒன்று உண்டு. அதற்கு மின்கலம் கிடையாது. அட்டை தன் நினைவகத்திலிருந்து வட்டுக்கு அனுப்பிய தரவை வட்டு தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'பதிந்தது' என்றால், அட்டை அதை நம்பித் தன் படியை அழித்துவிடும். மின்சாரம் நின்றால் மின்கலம் காக்க வேண்டிய தரவு மின்கலத்தின் எல்லையைக் கடந்து வெளியே நிற்கிறது. ஆகவே மின்கலம் பொருத்திய அட்டையின் கீழ் வரும் வட்டுகளில் இவ்வெழுத்து நினைவகத்தை அணைத்துவைத்தல் இன்றியமையாதது. சில அட்டைகளின் அமைப்பில் இது 'வட்டின் இயல்புப்படி' என்று விடப்பட்டிருக்கும். அவ்வியல்பு என்ன என்பதை வட்டுக்கு வட்டு பார்த்தறிய வேண்டும்.

மின்கலத்திலிருந்து மின்தேக்கிக்கு

நினைவகத்தைப் பல நாள் உயிரோடு வைத்திருப்பதற்கு மாறாக, அதன் உள்ளடக்கத்தை மின்சாரம் தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு உடனே மாற்றிவிட்டால் என்ன என்னும் எண்ணம் 2009-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. அடாப்டெக், எச்பி, எல்எஸ்ஐ ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்து இம்முறையைக் கைக்கொண்டன. மின்சாரம் நின்றதும் அட்டை, மீமின்தேக்கியில் தேங்கிய ஆற்றலைக் கொண்டு இடைநினைவகத்தை ஃபிளாஷில் நகலெடுத்துவிட்டு அணைந்துவிடுகிறது. நகலெடுக்கும் வேலைக்கு 5 வாட் தேவையென்றும் ஒரு நிமிடம் ஆகுமென்றும் கொண்டால், வேண்டிய ஆற்றல் 300 ஜூல். முன்னர்க் குறித்த 7 வாட்-மணி மின்கலம் 25,200 ஜூல் கொண்டது. தேவை இவ்வளவு சுருங்கியதாலேயே மின்தேக்கி அவ்விடத்தைப் பெற முடிந்தது.

இதனால் 72 மணி நேர எல்லை மறைந்தது. மின்கலம் நிரம்பச் சில மணி நேரமாகும்; மின்தேக்கி சில நிமிடங்களில் நிரம்பிவிடும். வெறுமையாக்கிக் கற்கும் நீண்ட சுழற்சியும் வேண்டியதில்லை. ஆயினும் 'பராமரிப்பே தேவையில்லை' என்னும் விற்பனைச் சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. மின்தேக்கியும் வெப்பத்தில் தளர்கிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதன் கொள்ளளவை அட்டை அவ்வப்போது அளக்கத்தான் செய்கிறது. குறைந்துவிட்டால் இங்கும் நேரெழுது முறையே விடை.

காப்பின் எல்லை

யூபிஎஸ் இருக்கும்போது அட்டைக்குத் தனி மின்கலம் எதற்கு என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. யூபிஎஸ் காப்பது சுவரில் வரும் மின்சாரம் நிற்பதிலிருந்து. வழங்கியின் உள்மின் தொகுதி எரிந்தாலோ, மின்கம்பி தளர்ந்தாலோ, தாய்ப்பலகை பழுதுற்றாலோ, யூபிஎஸ் கருவியே ஓய்ந்தாலோ அது துணைசெய்யாது. அதனுள் இருக்கும் மின்கலங்களும் இதே போல ஓசையின்றி மூப்படைபவை.

மறுபுறம், அட்டையின் மின்கலம் காப்பது அட்டைக்கு வந்துசேர்ந்த தரவை மட்டும். இயங்குதளம் தன் நினைவகத்தில் தேக்கிவைத்திருக்கும் தரவு அதற்குத் தெரியாது. லினக்ஸில், நிரல் உறுதிப்பதிவைக் கேட்காத வரை, மாற்றப்பட்ட பக்கம் 30 நொடி வரை முதன்மை நினைவகத்திலேயே தங்கலாம். அந்நேரத்தில் மின்சாரம் நின்றால் அப்பக்கத்துக்கு மின்கலத்தால் பயனில்லை. தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உறுதிப்பதிவைக் கேட்பதாலேயே அவற்றுக்கு இவ்வட்டை பயன்படுகிறது. வேகத்துக்காக அக்கேட்பை நிறுத்திவைத்த தரவுத்தளத்துக்கு அட்டையின் மின்கலம் அணிகலன் அளவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. போஸ்ட்கிரஸ்கியூஎல் தன் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக எழுதுகிறது. வட்டின் கூறோ 512 அல்லது 4096 பைட். ஒரு பக்கத்தின் முற்பாதி மட்டும் அட்டைக்கு வந்துசேர்ந்த கணத்தில் கணினி நின்றால், மின்கலம் அம்முற்பாதியைப் பழுதின்றிக் காக்கும். விளைவது பாதி புதியதும் பாதி பழையதுமான பக்கம். இதனால்தான், மின்கலம் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்தை முழுமையாகக் குறிப்பேட்டில் பதியும் அமைப்பை அணைத்துவிடலாகாது என அத்தரவுத்தளத்தின் ஆவணம் எச்சரிக்கிறது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பையோ, நிரலின் பிழையால் சிதைந்த அட்டவணையையோ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அழித்தலையும் மின்கலம் பழுதின்றிக் காத்து வட்டில் சேர்த்துவிடும்.

சுழலும் வட்டுகளின் இடத்தைத் திண்மநிலை வட்டுகள் பெற்றுவரும் இக்காலத்தில், நிறுவனத் தரத்தைச் சேர்ந்த வட்டுகள் பலவற்றில் மின்தேக்கிகள் வட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டன. பயனர் தரத்து வட்டுகள் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. மேலுறையைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிய முடியாது. கல்வி நிறுவனங்களிலோ, ஐந்தாறு ஆண்டு உழைத்த பழைய வழங்கிகள் ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்கு மாற்றப்பட்டுத் தொடர்ந்து இயங்குகின்றன. அவற்றின் அட்டையில் உள்ள கலத்தின் நிலையை அறிய வழங்கியைத் திறக்க வேண்டியதில்லை. அட்டையோடு வரும் மேலாண்மை நிரல், ஒவ்வொரு வட்டுத் தொகுப்புக்கும் அமைக்கப்பட்ட எழுத்துமுறை, நடப்பிலுள்ள எழுத்துமுறை என இரண்டு வரிகளை அடுத்தடுத்துக் காட்டும். முதல் வரியில் பின்னெழுது முறையும் இரண்டாம் வரியில் நேரெழுது முறையும் இருந்தால், கலம் கற்றல் சுழற்சியில் இருக்கிறது அல்லது தளர்ந்துவிட்டது. எது என்பதை நிகழ்வுக் குறிப்பேடு சொல்லும். இரண்டு வரிகளும் பின்னெழுது முறையையே காட்டினால், மின்கலம் பழுதாயினும் தொடர்க என்னும் தெரிவு இயக்கப்பட்டுள்ளதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். கலத்தை மாற்றும் முன் அட்டையை நேரெழுது முறைக்கு மாற்றி, இடைநினைவகம் முழுவதும் வட்டில் கொட்டப்பட்டதை உறுதிசெய்து, முறையாக அணைத்த பிறகே பெட்டியைத் திறத்தல் தகும். புதிய கலம் நிரம்பச் சில மணி நேரமாகும். அதுவரை வழங்கி மெதுவாகவே இயங்கும்.